மென்பொருள் விற்றவர் பணத்தை எப்போது திருப்பித் தரவேண்டும்?

கேள்வி: ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் வாங்கும் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிறேன். ஆண்டுக்கு 6,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ‘பணம் வாபஸ் இல்லை’ என்று பில்லில் போட்டிருப்பதால் வாங்க வருபவர்கள் தயங்குகிறார்கள். எத்தனை நாள் கொடுக்கலாம்? - வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அந்த வரியை முதலில் எடுத்துவிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சேவைக்கான பணத்தை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிகம். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்யும் சிறுகடைக்காரரும் அதில் நுகர்வோர்தான்.

ஏழு நாள், பதினைந்து நாள் என்பதெல்லாம் உங்கள் சரக்குக்குப் பொருந்தாது. கணக்கு சாஃப்ட்வேரின் குறை மாத முடிவில்தான் தெரியும். 1ஆம் தேதி வாங்கியவர், மாதாமாதம் தாக்கல் செய்பவராக இருந்தால், விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் போடவேண்டும். அதற்குள் 40 நாள் ஓடிவிடும். எனவே 45 நாள் கொடுங்கள். காரணம் கேளுங்கள், ஆனால் அதை நிபந்தனையாக்காதீர்கள்.

திருப்பும்போது வரியும் சேர்த்து 7,080 ரூபாய். கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு) போட்டால்தான் கட்டிய 1,080 ரூபாய் உங்கள் வரிக்கணக்கில் குறையும். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயின் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. அதை விலையிலேயே அடக்குங்கள். குலசேகரம், அருமனை என்று நேரில் போய் நிறுவித் தந்தால் அந்தக் கூலியைத் தனி பில்லாக்கி, திரும்பாது என்று முன்பே சொல்லிவிடலாம்.

சண்டை வருவது பெரும்பாலும் தரவில்தான். உரிமத்தை நிறுத்துமுன் பழைய பில்களை எக்செல்லில் இறக்கிக்கொள்ள 15 நாள் விடுங்கள்.