வனவிலங்கு ஆவணப்படங்கள் பார்ப்பவர் மனத்தை எப்படி மாற்றுகின்றன? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் குரங்குகளைப் பற்றி 10 நிமிடப் படம் எடுக்கும் எங்களுக்கு அதில் எது உதவும்?

பார்ப்பவரை அழவைப்பது சுலபம். மறுநாள் அவர் எதைச் செய்யாமல் விடுவார் என்பதுதான் கணக்கு. இதற்கு உங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது: 2015இல் டர்பன் திரைப்பட விழாவில் வந்த 'பிளட் லயன்ஸ்'.

பண்ணையில் வளர்த்த சிங்கத்தை வேலிக்குள் விட்டுச் சுடும் தொழிலைப் பற்றிய படம் அது. வேட்டைக்காரரைத் திட்டுவதோடு நின்றிருந்தால் யாருக்கும் உறுத்தியிருக்காது; நம்மில் யார் சிங்கம் சுடுகிறோம்? அது பிடித்தது வேறு ஆளை. காசு கொடுத்துக் குட்டிக்குப் பால் புகட்டி, மடியில் வைத்துப் போட்டோ எடுக்க வருபவரை. தாய் மறுபடி சீக்கிரம் சினையாக வேண்டும் என்றுதான் குட்டியைப் பிறந்த சில நாளில் பிரிக்கிறார்கள். முதலில் தடவ, பிறகு கூட நடக்க, வளர்ந்ததும் சுட, கடைசியில் எலும்பு ஆசியாவுக்கு. (2017இல் அரசு அனுமதித்த ஏற்றுமதி 800 எலும்புக்கூடுகள்.) சங்கிலியின் முதல் கண்ணி பார்வையாளரின் பர்ஸ் என்று காட்டியதுதான் அந்தப் படத்தின் கெட்டிக்காரத்தனம்.

படம் வந்த 2015 நவம்பரில் தென்னாப்பிரிக்கத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கமே இந்த வேட்டையிலிருந்து விலக வாக்களித்தது. பெருமை முழுக்கப் படத்துக்கு இல்லை. அதே ஆண்டு ஜூலையில் ஜிம்பாப்வேயில் செசில் என்ற பிரபல சிங்கம் வேட்டையில் கொல்லப்பட்டு உலகமே கொதித்திருந்தது. சூடு ஆறியதும், 2017இல், அதே சங்கம் மனம் மாறி இந்த வேட்டையை மறுபடி ஏற்றுக்கொண்டது.

எண்களைப் பிறகு சொல்லுங்கள். 2023இல் தென்னாப்பிரிக்காவில் கொம்புக்காகத் திருட்டு வேட்டையில் கொல்லப்பட்ட 499 காண்டாமிருகங்களில் 307 ஹ்லூஹ்லூவே-இம்ஃபோலோசி பூங்காவில் என்று ஆரம்பித்தால் காதோடு போய்விடும். காதில் வெட்டுக்குறி உள்ள ஒரே ஒரு காண்டாமிருகத்தை ஐந்து நிமிடம் காட்டிவிட்டு 307 என்றால் உறைக்கும். கொம்பின் விலையை மட்டும் சொல்லாதீர்கள், அது விளம்பரமாகிவிடும். நீர்நிலை, வேலி, அடையாளம் தெரியும் குன்று எதுவும் சட்டகத்தில் வேண்டாம், திருட்டு வேட்டைக்காரர் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஒலியில் ஒரு ரகசியம் உண்டு. தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுக்கும்போது மைக்கில் காற்றுதான் பதிவாகும். காலடி, மெல்லும் சத்தம் எல்லாம் பெரும்பாலும் ஸ்டூடியோவில் சேர்த்தவை. அதைப் பெரும்பாலோர் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இடத்தை மறைத்தால்தான் வினை. 2011இல் பிபிசியின் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில் பனிக்கரடிக் குட்டிகள் வரும் காட்சி நெதர்லாந்து விலங்குப் பூங்காவில் எடுத்தது என்று பின்னணிக் குரல் சொல்லவில்லை. தெரிந்ததும் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. கூண்டில் எடுத்தால் கூண்டு என்றே சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் குரங்கு. சாட்ஸ்வர்த்தில் காண்டாமிருகம் யார் வீட்டுக்கும் வராது, வெர்வெட் குரங்கு சமையலறைக்கே வரும். அதனால் முதல் நிமிடத்தை ரொட்டி பறிகொடுத்த வீட்டுக்காரம்மாவுக்கே கொடுங்கள். அவர் கோபம் நியாயம் என்று படம் ஒத்துக்கொண்டால்தான் மற்ற ஒன்பது நிமிடத்தையும் கேட்பார். ஆஞ்சநேயரைத் துணைக்கு அழைக்க ஆசை வரும், வேண்டாம். கும்பிடுகிற கையே ஏர்கன்னும் எடுக்கும்.

அடுத்து கேமராவைக் குரங்கின் உயரத்துக்கு, தரையிலிருந்து அரை மீட்டருக்கு, இறக்குங்கள். அக்டோபர், நவம்பரில் எடுத்தால் தாயின் வயிற்றில் தொங்கும் குட்டிகள் கிடைக்கும். சுடப்பட்ட குரங்கின் எக்ஸ்ரே ஒன்று கால்நடை மருத்துவரிடம் கிடைத்தால் இசை, பேச்சு எதுவும் இல்லாமல் நாலே விநாடி காட்டுங்கள். ரத்தம் வேண்டாம், பயமுறுத்திவிட்டு வழி சொல்லாவிட்டால் ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எக்ஸ்ரே முடிந்த கையோடு வழி வர வேண்டும்: குப்பைத்தொட்டிக்கு இறுக்கமான மூடி, ஜன்னலோரம் பழம் வைக்காதது. இரண்டு போதும், ஐந்து சொன்னால் ஒன்றும் நடக்காது.

பின்னணிக் குரல் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பிடிபடாது. மூடி போடச் சொல்வது மட்டும் ஒரு பாட்டியின் குரலில், தமிழில், கீழே ஆங்கில எழுத்தோடு வரட்டும்.