மீனுக்குச் செவுள், ஃபைலுக்கு வால்

கேள்வி: என் நாத்தனார் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஃபைல் வந்தது. தொட்டதும் 'இன்ஸ்டால் செய்யவா?' என்று கேட்டது. என் மகள் கத்திக்கொண்டே ஓடிவந்து போனைப் பிடுங்கிவிட்டாள். நாத்தனாரோ, தான் எதுவுமே அனுப்பவில்லை என்று சாதிக்கிறார். நம்புவதா?
- வாசகி, ராசிபுரம்

பதில்: நாத்தனார்மேல் உங்களுக்கு வேறு கோபம் ஆயிரம் இருக்கலாம். இதில் அவரை விட்டுவிடுங்கள். அவருக்கும் தெரிந்த நம்பரிலிருந்துதான் இந்தப் பத்திரிகை வந்திருக்கும். போனைப் பிடுங்க வீட்டில் மகள் இல்லை, அவ்வளவுதான்.

பத்திரிகை என்றால் படமாக வரும், இல்லாவிட்டால் பிடிஎஃப்பாக வரும். அதில் இன்ஸ்டால் செய்ய என்ன இருக்கிறது? ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் பாருங்கள். 'ஏபிகே' என்று இருக்கும். அது ஆண்ட்ராய்டு செயலி. உள்ளே வந்ததும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், பேங்க் அனுப்பும் ஓடிபி உங்களுக்கு வரும்போதே எங்கோ உட்கார்ந்திருப்பவனுக்கும் போய்விடும். பிறகு உங்கள் பெயரிலேயே சொந்தபந்தம் எல்லாருக்கும் பத்திரிகை வைக்கும். 2024-லேயே இமாச்சலப் பிரதேச போலீஸ் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. டிராஃபிக் அபராத சலான் என்ற பெயரிலும் இதே சரக்கு சுற்றுகிறது.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காக விடுவதில்லை. ஃபைலுக்கு வாலைப் பார்க்கவேண்டும். 2000 மே 4 அன்று உலகத்தையே முடக்கிய 'ஐ லவ் யூ' வைரஸும் தெரிந்தவர் முகவரியிலிருந்து காதல் கடிதமாகத்தான் வந்தது. பெயரில் 'டிஎக்ஸ்டி' என்று, வெறும் எழுத்து ஃபைல்போலத் தெரியும். அதற்கும் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு வால், அதாவது இது புரோகிராம் என்று காட்டும் வால் உண்டு, அதை விண்டோஸே மறைத்துவிட்டது.

நீங்கள் இன்ஸ்டால் கொடுக்கவில்லை என்றால் ஃபைலை அழித்தால் போதும். அவசரம் நாத்தனார் போனுக்குத்தான். உடனே ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்குத் தகவல் சொல்லட்டும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாரோ, பணத்தை வழியில் மறிக்க அவ்வளவு வாய்ப்பு. அப்புறம் போட்டோக்களை எடுத்துவைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட். ஐகான் கண்ணில் படவில்லை என்பதால் செயலி போய்விட்டது என்று நினைக்கவேண்டாம், அது ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்து பிரிண்ட் எடுத்தேன். வீட்டில் போட்டால் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கிறது. பன்னிரண்டு வருட வினாத்தாள்கள் அதில் இருக்கின்றன. பேரன் ஃபார்மேட் செய்யச் சொல்கிறான்.
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாங்குநேரி

பதில்: பேரன் கையில் கொடுத்துவிடாதீர்கள் ஐயா! பெரும்பாலும் வினாத்தாள்கள் உள்ளேயேதான் இருக்கும். வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு வாசலில் போலியை நிறுத்தியிருக்கிறது. போலியைத் தொட்டால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டரும் திறக்கும். சந்தேகமே வராது. அதனால் எதையும் டபுள் கிளிக் செய்யாமல், முதலில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். பிறகு 'வியூ' போய் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் போடுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே, சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கை எடுங்கள். மங்கலாக ஒரு ஃபோல்டர், சில சமயம் பெயரே இல்லாமல், தெரியும். அதிலிருந்து உங்கள் வேர்டு, பிடிஎஃப் ஃபைல்களை மட்டும் காப்பி எடுங்கள். பேரன் ஆசையை அதற்கப்புறம் நிறைவேற்றலாம்.

நான் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த காலத்தில் 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று வரும். மஞ்சள் ஃபோல்டர் படம் போட்ட இஎக்ஸ்இ ஃபைல், அதாவது தொட்டால் ஓடும் புரோகிராம். ஊருக்கெல்லாம் வைரஸ் எடுத்துக் கொடுத்த நானே ஒருநாள் அதை டபுள் கிளிக் செய்தேன். எட்டு கம்ப்யூட்டருக்கும் ஷேர் போட்டிருந்தேனா, எட்டும் படுத்துக்கொண்டது. விண்டோஸ் போட்டு முடிக்கும்போது எதிர் டீக்கடையில் பால் காய்ச்சிவிட்டார்கள். அன்றைக்கே எல்லாவற்றிலும் எக்ஸ்டென்ஷனை, அதாவது ஃபைலின் வாலை, மறைக்கும் டிக்கை எடுத்தேன். நீங்களும் எடுங்கள். கடைக்குப் போக தனியாக ஒரு பென் டிரைவ், அதில் அன்றைக்கு பிரிண்ட் எடுக்கவேண்டியது மட்டும்.

கேள்வி: வீட்டுப் பத்திர ஸ்கேன் மெயிலில் வந்தது. சந்தேகமாக இருந்ததால் வைரஸ்டோட்டலில் போட்டுப் பார்க்கலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: பத்திரத்தைப் போடாதீர்கள். வைரஸ்டோட்டல் என்பது ஃபைலை ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்களில் சோதித்துச் சொல்லும் இணையதளம். அங்கே ஏற்றும் ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் காசு கட்டும் சந்தாதாரர்களுக்கும் கிடைக்கும். அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.