புது பிராண்ட் மின்சார வண்டி, பழைய தலையிடி: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் மின்சார வண்டிக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவு சேர்ந்துவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்ட பிறகு, பெயரை வாசிக்கவே கஷ்டப்படுகிற பிராண்டுகள் எல்லாம் கந்தளாய் வீதியில் ஓடுகின்றன. வண்டி வந்துவிட்டது, திருத்துகிற ஆள்தான் இன்னும் திருகோணமலைக்கு வந்துசேரவில்லை. கடிதங்களில் இருந்த பிராண்ட் பெயர்களை நான் வெட்டிவிட்டேன். ஒருவருடைய ஒரு வண்டியை வைத்து ஒரு கம்பனிக்குத் தீர்ப்பு எழுத எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: அண்ணா, நாங்கள் லீசிங்கில் ஒரு புது பிராண்ட் எலக்ட்ரிக் கார் எடுத்தோம். ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்டால் கதவே திறக்காது, திரை கறுப்பு. பற்றரியில் 70 வீதம் சார்ஜ் இருக்கும்போதே இப்படி. ஏஜென்டைக் கேட்டால் "அப்டேட் வரும் மிஸ்" என்றார்கள். அப்டேட்டும் வந்தது, பிரச்சினை போகவில்லை. இப்போது கொழும்புக்குக் கொண்டுவரட்டாம். செத்துக் கிடக்கிற காரை நான் எப்படிக் கொண்டுபோவது?
— வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, செத்தது உங்கள் பெரிய பற்றரி அல்ல, 12 வோல்ட் சின்னப் பற்றரி. மின்சாரக் காரிலும் அது ஒன்று இருக்கிறது. கதவுப் பூட்டு, திரை, உள்ளே இருக்கிற கணினிகள், பெரிய பற்றரியை மோட்டாரோடு இணைக்கிற சுவிட்சுகள் எல்லாம் அதில்தான் எழும்பும். அது இறங்கினால் பெரியதில் எவ்வளவு இருந்தும் பிரயோசனமில்லை. கதவுக்கு முதலில் வழி சொல்கிறேன்: அநேகமான கார்களில் ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், கையேட்டைப் பார்த்து அது எங்கே, சாவித் துவாரம் எங்கே என்று இன்றைக்கே தேடி வையுங்கள்.

அடுத்தது, ஏன் இறங்குகிறது? இரண்டில் ஒன்று. நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, அல்லது பெரிய பற்றரியிலிருந்து சின்னதுக்கு சார்ஜ் கொடுக்கிற கருவி சரியாக வேலை செய்யவில்லை. இதைப் பிரித்துப் பார்க்க கொழும்பு தேவையில்லை, ஒரு மல்டிமீற்றரும் அதைப் பிடிக்கத் தெரிந்த பற்றரிக் கடைக்காரரும் போதும். காரை 'ரெடி' நிலைக்குக் கொண்டுவந்து சின்னப் பற்றரியில் அளந்தால் ஏறத்தாழ பதின்மூன்றரையிலிருந்து பதினாலரை வோல்ட் காட்ட வேண்டும். 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் கொடுக்கும் பக்கத்தில்தான் பிழை, அது முழுக்க ஏஜென்டின் தலைவலி. வோல்ட் சரியாக இருந்தால், காரைப் பூட்டி, சாவியையும் தூரத்தில் வைத்து, கார் 'தூங்கின' பிறகு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக 50 மில்லி அம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் பின்னால் பூட்டின கமரா, சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டிவைக்கிற பழக்கம், ஃபோனில் இருக்கிற ஆப் அடிக்கடி காரைத் தட்டி எழுப்புவது, இதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். எல்லாம் கழித்தும் இழுத்தால், கார் தூங்காமல் விழித்திருக்கிறது என்று அர்த்தம், அது அநேகமாக மென்பொருள் பிழை. ஒரு எச்சரிக்கை: சில புதுக் கார்களில் 12 வோல்ட் பற்றரியும் லித்தியம்தான். அதற்கு ஈயப் பற்றரி சார்ஜரைக் கொழுவ விடாதீர்கள்.

புது பிராண்டுக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைக்கவும் வேண்டாம். 2024 மார்ச்சில் ஹூண்டாயும் கியாவும் இதே சின்னப் பற்றரிக்கு சார்ஜ் கொடுக்கிற கருவிக்காக அமெரிக்காவில் மட்டும் 1,40,000க்கு மேற்பட்ட கார்களைத் திருப்பி அழைத்தன. ஆனால் அங்கே அழைத்ததும் போய் நிற்க ஊருக்கு ஊர் வேர்க்ஷொப் இருக்கிறது. நமக்குக் கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர், நடுவில் ஹபரணைக் காடு, இரவில் யானை.

அதனால் கொண்டுபோகிற விசயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வொரண்டியில் இருக்கிற கார் தானாக ஓட முடியாமல் நின்றால் அதை எடுத்துப்போகிற செலவு யாருடையது என்று வொரண்டிப் புத்தகத்தில் தேடுங்கள், இல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். எடுத்துப்போக யார் வந்தாலும் முழுக் காரையும் மேலே ஏற்றும் லொறியில்தான் போக வேண்டும். இரண்டு சக்கரம் ரோட்டில் உருண்டபடி இழுக்க விடக்கூடாது, சக்கரம் சுழன்றால் மோட்டார் தன்பாட்டில் மின்சாரம் உண்டாக்கி உள்ளே இருக்கிறதையும் எரித்துவிடலாம். உள்ளூர் பிரேக்டவுன் லொறிக்காரர் "ஒன்றும் ஆகாது அக்கா" என்பார். ஆகும்.

இனி ஃபோனில் பேசுவதை நிறுத்துங்கள். ஃபோனில் சொன்ன எதற்கும் சாட்சி இல்லை. கார் எழும்பாத ஒவ்வொரு தடவையும் வீடியோ, திகதி, ஓடிய கிலோமீற்றர், திரையில் காட்டுகிற மென்பொருள் இலக்கம், இவ்வளவையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஏஜென்டிடம் விட்டால் ஜொப் கார்ட் பிரதி இல்லாமல் திரும்பி வராதீர்கள், அதில் "பரிசோதிக்கப்பட்டது, பிழை இல்லை" என்று எழுதினால் நீங்கள் சொன்ன முறைப்பாட்டையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்புறமும் அசையவில்லையா, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போங்கள். இலக்கம் 1977, நம் மாவட்டச் செயலகத்தில் கேட்டாலும் வழிகாட்டுவார்கள். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விற்பனையோ சேவையோ நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். "இன்னும் ஒரு அப்டேட் வரும்" என்று அவர்கள் தள்ளிப்போட உங்கள் மூன்று மாதம் கரைந்துபோகும், கவனம். லீசிங் கம்பனிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், காகிதப்படி கார் அவர்களுடையதும்தானே. ஆனால் கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், வழக்கு உங்கள் கையில் நிற்கும்.

கேள்வி: சேர், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கின கடை இப்போது ஃபோன் கவர் விற்கிறது. முந்தி டவுனுக்குப் போய்ப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தும் சார்ஜ் மிச்சமிருக்கும். இப்போது டவுனிலேயே தெரிந்த கடையில் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. பார்ட்ஸுக்கு எங்கே போவது?
— வாசகர், கிண்ணியா

பதில்: காரைவிட ஸ்கூட்டரில் நமக்கு வாய்ப்பு அதிகம். சக்கரத்துக்குள் இருக்கிற மோட்டார், கொன்ட்ரோலர், அக்சிலேட்டர், பிரேக் சுவிட்ச் எல்லாம் பல பிராண்டுகளுக்குப் பொதுவான சாமான். மாட்டிக்கொள்வது பற்றரியிலும், அந்தப் பற்றரியோடு மட்டும் பேசுகிற திரையிலும்தான்.

சீற்றைத் தூக்கிப் பாருங்கள். கறுப்புக் கட்டியாக 12 வோல்ட் பற்றரிகள் வரிசையாக இருந்தால் அது ஈய வகை, ஐந்து இருந்தால் 60 வோல்ட், ஆறு இருந்தால் 72. அதில் ஒன்று சோர்ந்தாலும் முழு வரிசையும் சோரும். ஸ்கூட்டர் ஓடுகிற பாரத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தால் எது என்று தெரியும், ஆனால் மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவதுதான் நல்லது, பழசும் புதுசும் கலந்தால் புதுசும் சீக்கிரம் போய்விடும். ஒரே பெட்டியாக இருந்தால் லித்தியம். அதில் ஒருக்கால் முழுச் சார்ஜ் ஆன பிறகும் கழற்றாமல், நீங்கள் விழித்திருக்கிற நேரமாகப் பார்த்து, இன்னும் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள், உள்ளே செல்கள் சமப்பட்டுக் கொஞ்சம் தூரம் திரும்பக் கிடைக்கலாம். பெட்டி வீங்கியிருந்தால் இந்தப் பரிசோதனை ஒன்றும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் வைக்காதீர்கள், திறந்து பார்க்கிற கெட்டிக்காரத் தம்பிமாரிடமும் கொடுக்காதீர்கள்.

கடை மூடினதால்தான் இந்த நிலை என்று நினைத்து மனம் நோக வேண்டாம். பக்கத்து இந்தியாவில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் விற்பனையில் முன்னுக்கு நின்ற ஓலா எலக்ட்ரிக் மீது ஒரே வருடத்தில் 10,644 முறைப்பாடுகள் தேசிய நுகர்வோர் உதவி இலக்கத்துக்குப் போய், 2024 ஒக்டோபரில் அரசு நோட்டீஸே அனுப்பியது. கடை திறந்திருந்தும் சேவைக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள்.

கேள்வி: நிலாவெளியில் சின்ன விடுதி வைத்திருக்கிறேன். விருந்தினரை ஏற்றி இறக்க எலக்ட்ரிக் வான் ஒன்று பார்க்கிறேன். "ஒரு சார்ஜில் 400 கிலோமீற்றர்" என்கிறார் விற்கிறவர், விலையும் ஏஜென்டைவிட நல்ல குறைவு. எடுக்கலாமா?
— வாசகி, நிலாவெளி

பதில்: அக்கா, விலை குறைவு என்றதும் எனக்குக் கேள்விதான் கூடுகிறது. ஏஜென்ட் இல்லாமல் நேரே சீனாவிலிருந்து இறக்கின வண்டியாக இருக்கலாம். அது பிழையான வண்டி என்று சொல்லவில்லை, ஆனால் சீன உள்நாட்டுக்குச் செய்த வண்டியில் சார்ஜ் வாய் ஜிபிடி வகையாக இருக்கும், நம் வேகச் சார்ஜ் நிலையங்களில் நீங்கள் தேடப்போவது சிசிஎஸ் 2 என்ற வேறு வகை. கண்ணால் பார்த்து, நிலையத்தில் ஒருமுறை கொழுவியும் பாருங்கள். திரை சீன மொழியில், ஆப் சீன ஃபோன் இலக்கம் கேட்கும், கம்பனி வொரண்டி இலங்கையில் செல்லாது. விற்கிறவர் தருகிற வொரண்டி அவருடைய சொந்த வாக்கு.

அந்த 400ஐயும் எந்தச் சோதனையில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். சீனாவின் சிஎல்டிசி கணக்கு மிகவும் தாராளம், பழைய ஐரோப்பிய என்இடிசியும் அப்படித்தான், டபிள்யூஎல்டிபி கொஞ்சம் நியாயம். சிஎல்டிசி 400 என்றால், ஏசியும் போட்டு ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றி ஓடுகிற உங்களுக்கு 300க்குக் கீழே என்று வைத்துத் திட்டம் போடுங்கள். நிலாவெளிக்கும் கோணேசர் கோயிலுக்கும் கன்னியாவுக்கும் அது தாராளம். கட்டுநாயக்காவுக்கு விருந்தினரைக் கொண்டுபோவதென்றால் வழியில் சார்ஜ் போடுகிற நேரத்தையும் அவர்களுடைய பிளேனையும் சேர்த்து யோசியுங்கள்.

ஷோரூமில் இருக்கிற வண்டியைவிட வேர்க்ஷொப்பைப் பார்ப்பது முக்கியம். பம்பர், முன் கண்ணாடி, சின்னப் பற்றரி, இந்த மூன்றும் இப்போது ஸ்டோரில் இருக்கிறதா, அல்லது ஓடர் போட வேண்டுமா? உயர் மின்னழுத்த வேலைக்குப் பயிற்சி எடுத்தவர் எத்தனை பேர், அதில் ஒருவராவது கிழக்கு மாகாணத்துக்கு வருவாரா? வழவழ என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். கம்பனியே போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபிஸ்கரைப் பாருங்கள். ஓஷன் என்ற காரை 2023இல் விற்கத் தொடங்கினார்கள், 2024 ஜூனில் வங்குரோத்து. பார்ட்ஸுக்கும் மென்பொருளுக்கும் கார் வாங்கினவர்களே சங்கம் சேர்த்து ஓடித் திரிய வேண்டி வந்தது. பெற்றோல் கார் கம்பனி மூடினால் பிளக் மாற்ற ஒரு கராஜ் இருக்கும். மென்பொருளால் ஓடுகிற காரைக் கம்பனி கைவிட்டால் அது சாவி தொலைந்த பெட்டகம் மாதிரி.

கேள்வி: காரைச் சார்ஜில் போட்டதும் வீட்டு டிரிப் சுவிட்ச் விழுகிறது, சிலவேளை சார்ஜரில் சிவப்பு லைட். கார் பிழையா?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: முதலில் எர்த்தைப் பாருங்கள். கார் சார்ஜர் எர்த் சரியில்லாவிட்டால் வேலை செய்ய மறுக்கும், அது நல்ல குணம். மணல் நிலம் கச்சான் காலத்தில் காய்ந்துவிட்டால் எர்த் கம்பியின் தடை கூடும், மழைக்குத் தானாகச் சரியாகி ஆனியில் திரும்ப வரும். இப்படி வந்து வந்து போனால் கார் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு குறைவு. தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து, தேவையென்றால் இன்னொரு கம்பி இறக்குங்கள். சார்ஜுக்கென்று தனி லைன் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் கோட் வேண்டவே வேண்டாம். சாதாரண 30 அம்பியர் இணைப்பில் மொத்தமாகக் கிடைப்பது ஏழு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதில் ஏழு கிலோவாட் சார்ஜரையும் தண்ணீர் மோட்டாரையும் ஒன்றாகப் போட்டால் விழத்தான் செய்யும். சார்ஜரைக் குறைத்து வைத்து இரவு பத்தரைக்குப் பிறகு போடுங்கள்.

கேள்வி: 22 வீதம் காட்டின கார் சீனக்குடா வர முதல் திடீரென்று 9 ஆகிவிட்டது. பற்றரி போய்விட்டதா?
— வாசகர், மூதூர்

பதில்: எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேட்) வகைப் பற்றரியா என்று பாருங்கள். அதில் சார்ஜ் இறங்கினாலும் வோல்ட் பெரிதாக இறங்காது, அதனால் கார் மிச்சத்தைக் கணக்கிட்டுத்தான் சொல்கிறது, நாளாக நாளாகக் கணக்குப் பிசகும். "80க்கு மேலே ஏற்றாதே" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எப்போதும் 80இல் நிறுத்துகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். அந்த அறிவுரை மற்ற வகை லித்தியத்துக்கு. எல்எஃப்பியைக் கிழமைக்கு ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்லித்தான் பல கம்பனிகள் சொல்கின்றன. சில கிழமை அப்படிச் செய்தும் பாய்ந்தால் வொரண்டியில் கேளுங்கள். பெரிய பற்றரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீற்றர் என்பது பலர் தருகிற அளவு. எத்தனை வீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கடற்கரை வீடு. சார்ஜ் வாயில் பச்சை பிடிக்கிறது.
— வாசகர், அலஸ்தோட்டம்

பதில்: உப்புக் காற்று. மூடியின் ரப்பர் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். காரை வீட்டின் கடல் பக்கம் விடாமல் மறுபக்கம் விடுங்கள். சார்ஜர் வயரை வெளியில் தொங்கவிடாமல் உள்ளே எடுங்கள். பச்சையை அரத்தாலோ மண்ணெண்ணெயாலோ நீங்களே சுரண்டாதீர்கள், படம் எடுத்து ஏஜென்டுக்கு அனுப்புங்கள், வொரண்டி முடிய முன்.