வீட்டுக்குள் மூஞ்சூறு வருகிறது. பிள்ளையார் வாகனம் என்று விட்டுவிடுவதா, எலி மருந்து வைப்பதா?

நீங்கள் கேட்டது இது: இரவு பத்து மணிக்கு மேல் சமையலறைச் சுவரோரம் ஒரு மூஞ்சூறு ஓடுகிறது. மாமியார் அடிக்கக் கூடாது என்கிறார். கணவர் எலி மருந்து வாங்கி வந்துவிட்டார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அது கடித்தால் விஷமா, அந்த நாற்றம் எதற்கு?

மருந்து டப்பாவைத் திறக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படிக்கலாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை என்றால் அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். தவழும் குழந்தையின் வாய்க்குள் போனால் கல்லீரலை அழித்துவிடும். அதற்கென்று முறிமருந்து கிடையாது. மூஞ்சூற்றால் உங்கள் குழந்தைக்கு வரக்கூடிய ஆபத்து அந்த டப்பாவால் வரக்கூடியதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பது என் கணக்கு.

நான் படித்தது விலங்கியல், செய்வது கொப்பரை வியாபாரம். காங்கேயம் பக்கத்தில் ஒரு களம், களத்தை ஒட்டி ஓட்டுக் கொட்டகை, கொட்டகைக்கு அடுத்து வீடு. கொப்பரை இருக்கும் இடத்தில் பூச்சி இருக்கும். உடம்பு நீலப்பச்சையாக மினுங்க, கால் மட்டும் சிவந்த ஒரு சிறு வண்டு உண்டு. நன்றாகக் காயாத கொப்பரையை அது துளைத்து மாவாக்கிவிடும். மூட்டை அடுக்கின் இடுக்குகளில் கரப்பான். இந்த இரண்டையும் தேடித்தான் மூஞ்சூறுகள் எங்கள் கொட்டகைக்கு வருகின்றன. சிறு வயதிலிருந்து அவற்றோடுதான் குடித்தனம்.

எலி மருந்து வேண்டாம் என்பதற்குக் குழந்தை ஒரு காரணம். இன்னொன்று, மூஞ்சூறு எலியே இல்லை. எலி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் கொறிக்கும் கூட்டம். மூஞ்சூற்றின் சொந்தக்காரர்கள் முள்ளெலியும் அகழெலியும். தமிழில் இவற்றுக்கும் எலி என்றே பெயர் வைத்துவிட்டோம், குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. எலியின் முன்பல் வாழ்நாள் முழுதும் வளரும், அதனால் அது எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயர், துணி, மரக்கதவு, அரிசி மூட்டை, எல்லாம் போகும். மூஞ்சூற்றின் பல் அப்படி வளர்வதில்லை. அதன் வாயில் இருப்பது பூச்சியின் ஓட்டைக் குத்தி உடைக்கும் 30 கூர்ப்பற்கள். உங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் குழாய் கடிபட்டிருந்தால் அது வேறு ஆள்.

வித்தியாசத்தை நான் கையில் வைத்தே பார்த்திருக்கிறேன். எங்கள் கொட்டகை உத்தரத்தில் ஒரு கூகை சில மாதம் தங்கியிருந்தது. அது கக்கிய உருண்டைகள் கீழே கிடக்கும். ரோமமும் எலும்பும் சேர்த்துப் பிசைந்த மாதிரி. தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்தால் உள்ளே முழு மண்டையோடுகள் இருக்கும். எலியின் மண்டையோட்டில் முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே ஒரு பெரிய வெற்றிடம். மூஞ்சூற்றின் மண்டையோடு ஒடுங்கி நீண்டிருக்கும், பல்வரிசை நடுவில் விடாமல் நுனிவரை போகும். முன்பல் இரண்டும் கொக்கி போல வளைந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகு யாரும் இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். பூனை மூஞ்சூற்றைக் கொல்லும், ஆனால் நாற்றத்தால் தின்னாமல் வாசற்படியில் போட்டுவிட்டுப் போகும். கூகைக்கு அந்தக் கவலை இல்லை.

உயிரோடு ஓடும்போது கண்டுபிடிப்பதும் சுலபம்தான். கீழுதட்டைத் தாண்டி நீண்டு, எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும் மூக்கு. மிளகைவிடச் சிறிய கண். சாம்பல் வெல்வெட் போன்ற ரோமம். வால் அடியில் பருத்து நுனியில் மெலிந்திருக்கும், அதில் அங்கங்கே நீள ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும். புழுக்கையும் வேறு: எலியுடையது உலர்ந்து உதிரியாகக் கிடக்கும், மூஞ்சூற்றினுடையது ஈரமாக, ஒரே மூலையில் அப்பியிருக்கும். சுத்தம் செய்பவருக்கு எரிச்சல் வருவது இயல்பு. மூஞ்சூற்றின் பக்கம் பேசுகிற நானும் இதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

அடுத்து நாற்றம். அதன் விலா இரண்டிலும் கஸ்தூரி போன்ற வாடை சுரக்கும் சுரப்பி இருக்கிறது. ஆணுக்கு அதிகம், இனப்பெருக்கக் காலத்தில் இன்னும் அதிகம். சுவரோரம் உரசிக்கொண்டே ஓடுவதால் அந்த வழி முழுக்க வாடை ஒட்டிக்கொள்ளும். மற்ற மூஞ்சூறுகளுக்கு அதுவே முகவரி. மோர்ப்பானையின் மேல் மூஞ்சூறு ஏறிப்போனாலே மூடி போட்டிருந்தாலும் மோர் நாறும் என்று எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்வார். மூடிக்குள் வாடை இறங்காது, மூடியின் மேல் படிந்ததுதான் கைக்கு வரும். இருந்தாலும் அமுச்சி மோரைக் கொட்டிவிடுவார். அவரிடம் யார் வாதாடுவது.

விஷமா என்றால், நம் வீட்டு மூஞ்சூற்றுக்கு விஷம் இல்லை. வட அமெரிக்காவில் வால் குட்டையான ஒரு மூஞ்சூறு இருக்கிறது. அதன் உமிழ்நீரில் நஞ்சு உண்டு, மண்புழுவையும் பூச்சியையும் அசையவிடாமல் செய்துவிடும். நம்மூர் மூஞ்சூற்றின் மேல் ஏறிய கெட்ட பெயர் அதனால் வந்தது இல்லை. இங்கே அது அமெரிக்காவைக் கேள்விப்படுவதற்கு முன்பே இருந்த பயம். ஆனால் கையால் பிடித்தால் கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், பிறகு டாக்டரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமியை மூஞ்சூறும் சுமக்கக்கூடும், பிளேக் பரப்பும் தெள்ளுப்பூச்சியும் அதன் மேல் ஏறும். ஆகவே அது ஓடிய சமையல் மேடையைத் துடைக்காமல் காய் நறுக்க வேண்டாம். புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்கித் தூசி கிளப்பவும் வேண்டாம். பினாயில் தெளித்து ஈரமாக்கித் துடைத்தெடுங்கள்.

கிருமி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது, நம் மாநிலத்துச் செய்தி. 1964இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட ஒரு மூஞ்சூற்றிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குத் தோட்டப்பாளையம் வைரஸ் என்றே பெயர். ஹன்டா வைரஸ் என்று உலகம் பின்னால் பெயர் வைத்த குடும்பத்தில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது இதுதான், ஆனால் அது அந்தக் குடும்பம் என்பதே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் குடும்பம் எலிகளின் சொத்து என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் மூஞ்சூற்றுக்கு இன்னொரு மரியாதை உண்டு. எலியால் வாந்தி எடுக்க முடியாது, உடம்பு அமைப்பே அப்படி. மூஞ்சூறு வாந்தி எடுக்கும். 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். புற்றுநோய் மருந்து கொடுத்தால் நோயாளிக்கு வரும் வாந்தியை எப்படி நிறுத்துவது என்பதை ஆராய மூஞ்சூறு உதவியது. அதை ஒரு பெட்டியில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினாலும் வாந்தி எடுக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. எலியைப் பஸ்ஸில் ஏற்றினால் கம்மென்று போய்ச் சேரும், மூஞ்சூறு என் தங்கையைப் போல ஒன்பதாவது வளைவிலேயே ஜன்னலைத் திறக்கச் சொல்லும்.

பிள்ளையார் விஷயத்துக்கு வருகிறேன். மூஷிகம் என்ற வடசொல்லுக்கு எலி என்றே பொருள். தமிழில் அது மூஞ்சூறாக நின்றுவிட்டது. ஈச்சனாரிக்குப் போயிருந்தபோது என் மகள் சந்நிதி முன் இருந்த வாகனத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்கு மூக்கு பத்தாது" என்றாள். உண்மைதான். ஆனால் உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லி வாதத்தில் ஜெயிக்க வேண்டாம். தப்பான காரணத்துக்காகச் சரியான முடிவில் நிற்கிறார், நிற்கட்டும்.

நானே ஒரு தடவை தப்பான முடிவுக்குப் போனேன். கொட்டகையில் எலி பெருகிவிட்டது என்று ஹார்டுவேர் கடையில் பசை அட்டை வாங்கி மூட்டை ஓரமாக வைத்தேன். விடியற்காலை போய்ப் பார்த்தால் எலி ஒன்றும் இல்லை. சுவரை ஒட்டியே ஓடும் மூஞ்சூறு நேராக அதில் போய் ஏறியிருந்தது. வயிறும் ஒரு பக்கக் கன்னமும் ஒட்டியிருந்தன. மூக்கு மட்டும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அது போடும் சத்தம் கீச்சென்று தொடங்கி, நாணயத்தை நாணயத்தின் மேல் வேகமாகத் தட்டுவது போலப் போகும். சீனர்கள் இதனால்தான் அதற்குக் காசு எலி என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு எனக்குக் காசு நினைவு வரவில்லை. களத்தில் வேலை செய்யும் அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, எண்ணெய் விடுங்க, விட்டுவிடும்" என்றார். தேங்காய் எண்ணெய்க்கு எங்கள் வீட்டில் பஞ்சமா. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, ஒரு கரண்டி எண்ணெயை அட்டையில் ஓரமாக விட்டு, குச்சியால் மெல்ல நெம்பினேன். கால் ஒவ்வொன்றாக வந்தது. முன்னங்காலில் ஐந்து விரல் இருப்பதை அப்போது எண்ணினேன். எலிக்கு முன்னங்காலில் நான்குதான் தெரியும். கடைசிக் கால் விடுபட்டதும் சாக்கைக் கடித்துவிட்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட மூட்டைக்குப் பின்னால் போய்விட்டது. பிழைத்ததா தெரியாது. கையில் அந்த வாடை மறுநாள் வரை இருந்தது. அதற்குப் பிறகு பசை அட்டை எங்கள் வளாகத்துக்குள் வந்ததில்லை.

அடை மழை பெய்த ஒரு ஐப்பசி மாலையில் அதே சுவரோரம் பார்த்த காட்சிக்கு இதைவிடக் கொஞ்சம் அதிகம் எழுத ஆசை. வீட்டுக்குப் பின்னால், பொடக்காளிப் பக்கம் தண்ணீர் ஏறி, விறகு அடுக்கு நனைந்துவிட்டது. அடியிலிருந்து ஒரு நீளமான சாம்பல் கயிறு வெளியே வந்தது. பாம்பு என்றுதான் முதலில் பின்வாங்கினேன். தாய் முன்னால், அதன் வால் அடி ரோமத்தைக் கவ்வியபடி ஒரு குட்டி, அதன் பின்புறத்தைக் கவ்வியபடி அடுத்தது, இப்படி நான்கு. தாய் நின்றால் எல்லாம் நின்றன. தாய் திரும்பினால் வரிசை கடைசிவரை வளைந்து திரும்பியது. கடைசிக் குட்டி படியில் ஏற முடியாமல் தொங்கியது, ஆனால் வாயை விடவில்லை, இழுபட்டே ஏறியது. மூஞ்சூறு ஒரு மாதம் சுமந்து, கண் திறக்காத, ரோமம் இல்லாத குட்டிகளைப் போடும். அவை நடக்கத் தொடங்கி, தாயைப் பிரியும் வரை இடம் மாறுவதற்கு இதுதான் வண்டி.

மூஞ்சூறு இருந்தால் பாம்பு வராது என்பார்கள், நம்பாதீர்கள். எங்கள் கொட்டகையில் இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்திருக்கிறேன்.

இனி அதை வெளியே அனுப்பும் வழி. "மூஞ்சூறு தான் போக வழி காணாமல் விளக்குமாற்றையும் கவ்விக்கொண்டதாம்" என்று பழமொழி சொல்கிறோம் அல்லவா. அதற்கு வழியைக் காட்டுவதே விளக்குமாறுதான். அதற்குக் கண் பார்வை மிகக் குறைவு, மீசை சுவரில் பட்டால்தான் தைரியம். அறை நடுவே துரத்தினால் சுற்றிச் சுற்றி உங்கள் காலடிக்கே வரும்; பாய்கிறது என்று கத்துவீர்கள், அதற்கு நீங்கள் ஒரு சுவர். துரத்தாதீர்கள். புறக்கதவைத் திறந்து, உள்ளே விளக்கைப் போட்டு, வெளியே இருட்டாக வையுங்கள். கதவை ஒட்டிய சுவருக்கு ஒரு சாண் தள்ளி ஒரு நீளப் பலகையோ விளக்குமாறோ படுக்கப் போட்டால் சந்து போல ஆகிவிடும். பின்னாலிருந்து தரையில் மெல்லத் தட்டினால் போதும், சந்துக்குள் நுழைந்து நேராகப் போய்விடும். எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை.

திரும்பி வராமல் இருக்க, அது வரும் துளையைத்தான் அடைக்க வேண்டும். பெரும்பாலும் சலதாரைக் குழாய் வாய், அல்லது புறக்கதவின் கீழ் இடைவெளி. குழாய்க்குச் சல்லடை மூடி, கதவுக்கு ரப்பர் பட்டை. அடைப்பதற்கு முன் அது வெளியே போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே செத்து இரண்டு வாரம் நாறும். இரவில் பூனைக்கு வைத்த சோற்றை எடுத்துவிடுங்கள். சிலிண்டருக்குப் பின்னால் கரப்பான் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நிச்சயம் இருக்கும். மூஞ்சூறு தினமும் பத்து மணிக்கு வருவது அதற்காகத்தான்.

எங்கள் சமையலறையில் இப்படி அடைத்து மூன்று வருடம் ஆகிறது, உள்ளே வரவில்லை. கொட்டகைப் பக்கம் அடைக்கவில்லை. இதை எழுதும்போதும் மூட்டைக்குப் பின்னால் காசு எண்ணும் சத்தம் கேட்கிறது.