கேள்வி-பதில்: பழைய மோட்டார் படகு வாங்குகிறேன், கார் லைசன்ஸ் போதுமா?

கேள்வி: நாங்கள் ஸ்காபுரோவில் இருக்கிறோம். சிம்கோ ஏரியில் மீன் பிடிக்கவும் கோடையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகவும் ஒரு பழைய படகு பார்த்திருக்கிறேன். 16 அடி அலுமினியப் படகு, 40 குதிரைவலு அவுட்போர்ட் மோட்டார், ட்ரெய்லரும் சேர்த்து 9,000 டொலர். "பேப்பர் எல்லாம் சரி, நம்பர் ஒட்டியிருக்கு, கார் லைசன்ஸ் இருந்தால் ஓட்டலாம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நம்பர் ஒட்டியிருக்கலாம். கார் லைசன்ஸ் கதையை மட்டும் நம்பாதீர்கள். ஒன்ராறியோ கார் லைசன்ஸுக்கும் படகு ஓட்டும் தகுதிக்கும் சம்பந்தமே இல்லை. மோட்டார் பூட்டிய படகை ஓட்டுகிறவர், தகுதிக்கான சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது ஆப்பரேட்டர் கார்ட். மோட்டார் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், உங்கள் வயது என்னவாக இருந்தாலும், 2009 செப்டெம்பரில் இருந்து இதுதான் சட்டம். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 250 டொலர்.

கார்ட் எடுப்பது பெரிய வேலை இல்லை. இணையத்திலேயே படித்து, பரீட்சையும் எழுதலாம். ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். பாடம் நடத்தும் நிறுவனத்தை மட்டும் மத்திய அரசின் போக்குவரத்துத் துறையான டிரான்ஸ்போர்ட் கனடாவின் அங்கீகாரப் பட்டியலில் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், படகுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே இதை முடித்துவிடுவேன். படகில் என்ன இருக்க வேண்டும், எது குறைகிறது என்று அந்தப் பாடத்திலேயே தெரிந்துவிடும். பிறகு விலை பேசுவதும் சுலபம்.

அடுத்தது படகுக்கான லைசன்ஸ். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள படகுகளுக்கு இது கட்டாயம். முன்பக்கத்தின் இரு புறமும் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரத்தில் ஒட்டியிருக்கும் எண் இதுதான். எண் படகோடு வரும், ஆனால் லைசன்ஸ் தானாக உங்கள் பெயருக்கு வராது. இருவரும் கையெழுத்திட்ட விற்பனைப் பத்திரத்தோடு டிரான்ஸ்போர்ட் கனடாவில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். விற்பவரிடம் அசல் லைசன்ஸைக் கேளுங்கள். அதில் அவருடைய பெயர்தான் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். "முந்தினவர் பெயரிலேயே இருக்கு, பரவாயில்லை" என்றால் எனக்குப் பரவாயில்லை இல்லை. இரண்டு கைமாறியும் எழுத்தில் ஒன்றும் இல்லாத படகு அது.

படகின் பின்புறம், வலப்பக்க மேல் பகுதியில் எழுத்தும் எண்ணும் கலந்து 12 குறிகள் கொண்ட ஹல் நம்பர், அதாவது படகின் அடையாள எண், பொறித்திருக்கும். சுரண்டியிருந்தாலோ, விற்பனைப் பத்திரத்தில் உள்ளதோடு பொருந்தாவிட்டாலோ திரும்பி வந்துவிடுங்கள். விற்பவர் பெயரில் கடன் பதிவு இருக்கிறதா என்று ஒன்ராறியோ அரசின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். கடன் கட்டி முடியாத படகை வாங்கினால், கடன் கொடுத்தவர் உங்கள் வாசலுக்கு வருவார்.

அப்புறம், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைக் கட்டாயம் பாருங்கள். இந்த அளவுப் படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை, அதிகபட்சம் எத்தனை குதிரைவலு என்று அதில் இருக்கும். 30 என்று எழுதிய படகில் 40 பூட்டி விற்பவர்கள் உண்டு. வேகமாகப் போகும் என்று சந்தோஷப்படாதீர்கள். பின்புறம் தாழ்ந்து தண்ணீர் ஏறும், விபத்து என்றால் காப்புறுதிக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உல்லாசப் படகுக்குக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் படகு நிறுத்தும் மரீனாக்கள் பல அது இல்லாமல் இடம் தராது.

தனி ஆளிடம் வாங்குவதால் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உதவாது, அது வியாபாரிகளிடம் வாங்குவதற்கு. கார் டீலர்களைக் கண்காணிக்கும் ஒம்விக்கும் படகு விஷயத்தில் வராது. ஆகவே தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். ட்ரெய்லருக்குத் தனி நம்பர் பிளேட்டும் பெர்மிட்டும் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கொட்டேஜ் எடுத்துக்கொண்டு அங்கேயே ஒரு நாளைக்குப் படகு வாடகைக்கு எடுக்கப் போகிறோம். மகனுக்கு 14 வயது. அவனும் ஓட்டலாமா? பியர் கொண்டு போகலாமா?

பதில்: வாடகைக்கு எடுக்கும்போது கார்ட் இல்லாதவர், வாடகைக்கு விடுபவரோடு பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பிக் கையெழுத்திட்டால் போதும். அந்த வாடகைக் காலத்துக்கு மட்டும் அது செல்லும். தாளைப் படகிலேயே வைத்திருங்கள். ஒன்றையும் விளக்காமல் "இதில் ஒரு சைன் போடுங்கோ" என்று நீட்டும் இடத்தில் நான் எடுக்கமாட்டேன்.

மகனுக்கும் தகுதிச் சான்று வேண்டும். இருந்தால், 12 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் 40 குதிரைவலு வரை தனியாக ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். ஜெட் ஸ்கீ மட்டும் 16 வயது ஆகாமல் கிடையாது, அப்பா பின்னால் உட்கார்ந்தாலும் கிடையாது.

பியர் வேண்டாம். நிரந்தரப் படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் உள்ள படகில், அதுவும் நங்கூரம் போட்டோ கரையில் கட்டியோ நிற்கும்போதுதான் ஒன்ராறியோவில் குடிக்கலாம். நீங்கள் எடுக்கும் சின்னப் படகில் இதெல்லாம் இருக்காது. குடித்துவிட்டுப் படகு ஓட்டினால் கார் லைசன்ஸ் பறிபோகும். படகு ஓட்டத்தான் அந்த லைசன்ஸ் உதவாது, திங்கட்கிழமை வேலைக்குப் போக அது வேண்டும்.

கேள்வி: இணையத்தில் ஊதிப் பெருக்கும் லைஃப் ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஊதிப் பெருக்கும் வகைக்கு 16 வயதுக்குக் கீழானவர்களுக்கு அங்கீகாரம் இல்லை. படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் அளவான, கனடாவில் அங்கீகரிக்கப்பட்ட லேபிள் உள்ள ஜாக்கெட் இருக்க வேண்டும். கிழிந்தது கணக்கில் வராது. கைக்குழந்தை 9 கிலோவுக்குக் குறைவு என்றால், எந்த ஜாக்கெட்டும் சரியாகப் பிடிக்காது. அந்தக் கோடைக்குக் குழந்தை அம்மம்மாவோடு கரையில் இருக்கட்டும்.