செவ்வாயின் படிவுகளை அடுக்கியது காற்றா, தண்ணீரா?

காற்றும்தான் மணலை அடுக்கும். அங்கே ஆறு ஓடியது என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூழாங்கல்தான் சாட்சி. கொடைக்கானல்காரர் என்றால் மழை ஓய்ந்ததும் வட்டக்கானல் பக்கம் பாம்பாற்று ஓரம் போய்ப் பாருங்கள் (அட்டை ஜாக்கிரதை!). புதிதாக உடைந்த கல்லுக்கு முனை கூராக இருக்கும். உருண்டு வந்தது வழவழவென்றிருக்கும். 2012-இல் செவ்வாயின் கேல் பள்ளத்தில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி கண்டதும் இதே வகைதான்: மணலோடு இறுகிப்போன உருண்டைக் கற்கள், பெரியவை சுமார் 4 சென்டிமீட்டர். அந்த அளவுக் கல்லைக் காற்று தூக்காது. கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழம், ஏறக்குறைய நடை வேகம் என்று ஓட்டத்தைக் கணித்தார்கள்.

செவ்வாயின் இன்னொரு பள்ளமான ஜெசிரோ இன்னும் சுவாரசியம். ஆறு ஏரியில் கலந்த இடத்தில் வண்டல் சரிவாகப் படிந்திருக்கிறது. அதன் மேல் பாறாங்கற்கள். சாதுவான ஆறு அவற்றைப் புரட்டாது. பிற்காலத்தில் பெருவெள்ளம் வந்திருக்க வேண்டும்.