கடைசி அஞ்சு நிமிசப் பாட்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்க ராத்திரி டிவி அறிவிப்பாளர்களப் பத்தியும் அவங்கட மேடைல நடக்கிற லைவ் பாட்டப் பத்தியும் எழுதினதுக்கு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து நிறையக் கேள்வி வந்து கிடக்கு. எல்லாத்துக்கும் இடமில்ல. ஏச்சுக் கடிதத்துக்குத்தான் முதலிடம்.

கே: எப்ப பாத்தாலும் டேவிட் லெட்டர்மேன் புராணந்தான். அந்த மனுசன் 2015லயே ஓய்வெடுத்துட்டார். இப்ப இருக்கிற ஆக்கள் ஒருத்தரும் உங்கட கண்ணுல படலியா? (வாசகர், களுவாஞ்சிகுடி)

ப: படுறாங்க அண்ணன், ஏன் படாம. ஆனா பாட்டு எண்டு வந்தா எனக்கு அவர்தான். லெட்டர்மேன் ஒண்டும் சங்கீத வித்துவான் இல்ல, பாட்டுக்காரர் பாடக்குள்ள உண்மையாவே கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான், அந்த அவ்வளவுதான் மத்த ஆக்கள்ட்ட இல்ல. அவர் நடத்தின லேட் ஷோவுட 2002 ஒக்டோபர் 30 நிகழ்ச்சிய ஒருக்காப் பாருங்க. வாரன் ஸீவன் எண்ட பாடகர், நுரையீரல்ல மெசோதீலியோமா எண்ட புற்றுநோய், பிழைக்கமாட்டார் எண்டு டொக்டர்மார் சொல்லியாச்சு, அந்த மனுசனுக்கு முழு நிகழ்ச்சியையும் தூக்கிக் குடுத்தார், வேற விருந்தாளியே இல்ல, சாவப்பத்தி என்ன விளங்கிச்சு எண்டு கேட்டதுக்கு ஒவ்வொரு சாண்ட்விச்சையும் அனுபவிச்சுச் சாப்பிடுங்க எண்ட மாதிரி ஸீவன் சொன்னாரு, அந்தப் பதிலத்தான் எல்லாரும் பகிர்ந்து திரியிறாங்க. எனக்குப் பெரிசாப் பட்டது கடைசிப் பாட்டு. அது லெட்டர்மேனே கேட்டு வாங்கின பாட்டு. அடுத்த வருசம் செப்டெம்பர்ல ஸீவன் போய்ச் சேர்ந்துட்டார்.

மறுகா ஃபூ ஃபைட்டர்ஸ் எண்ட ரொக் பேண்ட் கதை. 2000 தொடக்கத்துல லெட்டர்மேனுக்கு இதயத்துல பைபாஸ் ஒப்பரேசன், பெப்ரவரி 21 திரும்பி வந்தண்டு தனக்குப் பிடிச்ச பாட்டப் பாட அவங்களக் கூப்பிட்டார், 2015 மே 20 கடைசி நிகழ்ச்சிலயும் அதே பேண்ட் அதே பாட்டத்தான் வாசிச்சாங்க.

இன்னொண்டு, பக்கத்துல அவர்ட இசைக்குழுத் தலைவர் போல் ஷாஃபர். லெட்டர்மேன் ஒரு பகிடி விட்டா அவர் கீபோர்ட்ல ரெண்டு தட்டுத் தட்டுவார், பகிடி விழுந்துபோனாலும் தட்டுவார். நம்மட கூத்துக் களரில அண்ணாவியார் மத்தளத்தோட நிண்டு, ஆடுறவன் தாளம் தப்பப்போறான் எண்டா கண்ணாலயே பிடிச்சுக் குடுப்பாரே, அதேதான். அண்ணாவியார் இல்லாத களரி விடியும்வரைக்கும் தாங்குமா?

கே: பாட்ட ஏன் எப்பவும் கடைசில போடுறாங்க? காத்திருந்து நித்திரை போயிருது. (வாசகி, அக்கரைப்பற்று)

ப: உங்களக் கடைசி விளம்பரம் வரைக்கும் இருக்க வைக்கத்தான். ட்ரம் செட், அம்ப் எல்லாத்தையும் இடைல கொண்டுவந்து வைக்கவும் ஏலாது. ஆனா நித்திரை எண்டு சொல்லாதீங்க தங்கச்சி, நியூயோர்க்ல ராத்திரி 11.35 எண்டா நமக்கு காலம 9.05, அங்க குளிர்காலம் எண்டா 10.05. நாம ராத்திரில பாக்கிறது யூடியூப்ல வந்த துண்டு.

கே: லைவ் லைவ் எண்டுறீங்களே, உண்மையா லைவா? (உயர்தர மாணவன், கல்முனை)

ப: நல்ல கேள்வி. முக்காவாசி இல்ல. லேட் ஷோ, டுநைட் ஷோ மாதிரி நிகழ்ச்சியெல்லாம் பின்னேரமே சனத்த வெச்சு எடுத்து ராத்திரி விடுறதுதான், ஆனா நிப்பாட்டி நிப்பாட்டி எடுக்காம ஒரே ஓட்டமா எடுப்பாங்க, வாசிக்கிறதும் உண்மையான வாசிப்பு. நேரடி ஒளிபரப்பு எண்டா சனி ராத்திரி வாற சற்றர்டே நைட் லைவ். அதுல 2004 ஒக்டோபர்ல ஆஷ்லி சிம்ப்சன் எண்ட பாடகி வந்து நிக்கிறா, பேண்ட் தொடங்குது, அவ வாயே திறக்கல்ல ஆனா முன்னம் பாடின பாட்டுல இருந்து அவட குரல் கேக்குது, பிள்ளை திகைச்சு ஒரு ஆட்டம் ஆடிட்டு இறங்கிப் போயிற்று. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குப் பாவமா இருந்திச்சு. அந்த ஒரு வயித்தக் கலக்கலுக்காகத்தான் லைவ்வ நான் பாக்கிறதே எண்டும் சொல்லணும்.

கே: நம்மட தமிழ்ப் புள்ள ஒருத்தி லெட்டர்மேன் மேடைல பாடினதா மகன் சொல்றான், மெய்யா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லடி)

ப: மெய்தான் டீச்சர். எம்.ஐ.ஏ., முழுப்பேர் மாதங்கி அருள்பிரகாசம், பிறந்தது லண்டன், சின்ன வயசு யாழ்ப்பாணப் பக்கம். 2007ல அந்த மேடைல பேப்பர் பிளேன்ஸ் பாடினா. அந்தப் பாட்டுட பல்லவில துவக்கு வெடிக்கிற சத்தமும் காசு மெசின் சத்தமும் தாளத்தோட தாளமா வரும், விசாவுக்கு அலையிற வெளிநாட்டுக்காரனப் பாத்துப் பயப்படுற ஆக்களுக்கு அடிக்கிற பகிடி அது. சனல்காரங்க என்ன செஞ்சாங்க எண்டா வெடிச்சத்தத்த எடுத்துட்டு வேற சத்தத்தப் போட்டுட்டாங்க. தாளம் விழுற இடத்துல சப்பெண்டு ஏதோ கேக்குது, அவட முகத்தப் பாருங்க. அதே சனல்ல துப்பறியிற நாடகத்துல நாளெல்லாம் வெடி வெடிக்கும், அதுக்கு ஒண்டுமில்ல. மெய்யான வெடிச்சத்தம் கேட்டு வளந்த நமக்கு அந்தப் பாட்டுல எதுக்குச் சிரிக்கிறா எண்டு விளங்கும், அவங்களுக்கு விளங்கல்ல. 2009 பெப்ரவரி கிராமி இசை விருது மேடைல நிறைமாச வயித்தோட நிண்டு பாடினதும் இவதான், அதையும் மகனக் காட்டச் சொல்லுங்க.

கே: ஜிம்மி ஃபாலன்? (பேர் வேணாமாம், காத்தான்குடி)

ப: டுநைட் ஷோக்காரர்தானே, விருந்தாளி வாய் திறக்கமுந்தியே சிரிக்கிறார். ஆனா 2009ல இருந்து த ரூட்ஸ் பேண்ட அவரோடயே வெச்சிருக்கிறாரே, அதுக்காக எல்லாத்தையும் மன்னிக்கலாம்.

கே: நம்மட தமிழ் டிவில ஏன் இப்பிடி ஒண்டும் இல்ல? (வாசகர், திருக்கோவில்)

ப: காசும் பொறுமையும். எட்டுப் பேர் வாசிக்கிற இசைக்குழு எண்டா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மைக் வேணும், சவுண்ட் செக்குக்கே அரைநாள் போயிரும், கோயில் திருவிழா மேடைக்குப் போடுற சத்தம் வேற, டிவிக்குக் கலக்கிற சத்தம் வேற, அதுக்குத் தனி ஆள் தனி மிக்சர். இதுக்கெல்லாம் ஆரு மினக்கெடுறது எண்டு முன்னமே பதிஞ்ச இசை ட்ராக்கப் போட்டுட்டு மைக்கக் குடுத்துருவாங்க. அதவிடக் கொடுமை, ஒரு சனல்ல நல்லாப் பாடுற பொடியன் ரெண்டாவது சரணம் எடுக்கிறான், அறிவிப்பாளர் புள்ள குறுக்க வந்து உங்களுக்குப் பிடிச்ச நடிகை ஆரு எண்டு கேக்குது. டிவிய நிப்பாட்டிட்டன். பி.எச். அப்துல் ஹமீத் பாட்டுக்குப் பாட்டு நடத்தின காலத்துல பாடுறவர் மூச்சு விடும்வரைக்கும் பொறுத்துத்தான் பேசுவார், அந்த மரியாதைக்கு லட்சக்கணக்குல செலவில்லையே.

லெட்டர்மேனுக்குப் பிறகு வந்த ஸ்டீஃபன் கோல்பேர்ட்ட லேட் ஷோவயே 2026 மே மாசத்தோட நிப்பாட்டுறம் எண்டு சிபிஎஸ் சனல் 2025 யூலைல அறிவிச்சிச்சு, காரணம் காசாம். அங்கயே அப்பிடி எண்டா இஞ்ச நான் என்னத்தச் சொல்ல.

கே: நான் ட்ரம்ஸ் பழகுறன். எதப் பாக்க? (பத்தாம் வகுப்பு மாணவி, ஏறாவூர்)

ப: முதல்ல பிபிசில 1992ல இருந்து ஜூல்ஸ் ஹொலண்ட் நடத்துற நிகழ்ச்சி. ஒரே இடத்துக்குள்ள எல்லாப் பேண்டும் வட்டமா நிப்பாங்க, ஒருத்தர் வாசிக்க மத்தவங்க பாத்துக்கொண்டு நிப்பாங்க, அதனால ஒருத்தரும் ஏனோதானோ எண்டு வாசிக்கிறதில்ல. ஜூல்ஸே நல்ல பியானோக்காரர். மறுகா ரூட்ஸ்ட ட்ரம்காரர் குவெஸ்ட்லவ்வப் பாரு மனே, பாய்ஞ்சு பாய்ஞ்சு அடிக்கமாட்டார், கை கொஞ்சந்தான் அசையும், ஆனா தாளம் ஆடாது அசையாது. போன் ஸ்பீக்கர்ல கேக்காத, கிக் ட்ரம் சத்தம் விழவே விழாது, ஹெட்செட் போடு. வீட்டுல ஏசினா தலகாணில அடிச்சுப் பழகு, கைக்கும் பலம் வரும், பக்கத்து வீட்டாக்களும் எனக்குக் கடிதம் போடமாட்டாங்க.